முதல் பேஸை நோக்கி ஓர் அடி: பேஸ்பாலின் பால்க் விதி

பேஸ்பால் மைதானத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி. முதல் பேஸை அடைந்த ஓட்டக்காரர் அதன்மீதே காலை ஊன்றி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாம் பேஸ் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு அடி நகர்ந்து நின்றுகொள்ளலாம். இதற்கு ‘லீட்’ என்று பெயர். வேகமான ஓட்டக்காரர் அங்கிருந்து பாய்ந்தால் சுமார் மூன்றரை விநாடியில் இரண்டாம் பேஸைத் தொட்டுவிடுவார். பிட்சர் அசையத் தொடங்கி, பந்து கேட்சரின் கையுறையை அடைய ஏறக்குறைய 1.3 விநாடி ஆகும். கேட்சர் அதை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க இன்னும் 2 விநாடி. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் போட்டி எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும். ஓட்டக்காரர் ஓரடி கூடுதலாக நகர்ந்திருந்தாலோ, பிட்சரின் அசைவை இமைப்பொழுது முன்னதாகப் படித்துவிட்டாலோ பேஸ் திருட்டு வெற்றி. இல்லையென்றால் அவுட்.

ஆகவே பிட்சருக்கு எதிரே நிற்கும் பேட்டரைத் தவிர இன்னொரு கவலையும் இருக்கிறது. ஓட்டக்காரரை முதல் பேஸுக்கு அருகிலேயே நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு அவரிடம் உள்ள முக்கியக் கருவி, பேட்டருக்கு வீசுவதை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு எறிவது; இதற்கு ‘பிக்-ஆஃப்’ என்று பெயர். அந்த எறிதல் எப்படி இருக்கலாம், எப்படி இருக்கக் கூடாது என்பதே பால்க் விதியின் மையம். பேஸ்பாலை ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். விதி நீளமானது என்பது அதற்குப் பாதிக் காரணம்தான். ஏமாற்றும் எண்ணத்தைத் தடுக்க எழுதப்பட்ட இந்த விதியை, காலின் அசைவை மட்டுமே பார்க்க முடிகிற ஒருவர் அமலாக்க வேண்டியிருக்கிறது. மீதிக் காரணம் அங்கே இருக்கிறது.

கிரிக்கெட் தெரிந்த வாசகருக்கு இதன் அடிப்படையை எளிதில் சொல்லலாம். பந்துவீசாத முனையில் நிற்கும் பேட்டர், பந்து கையை விட்டு நீங்குவதற்கு முன் கிரீஸைத் தாண்டினால் அவரை ரன் அவுட் செய்யலாம் என்கிறது கிரிக்கெட். அங்கே கட்டுப்பாடு ஓடுபவர்மீது. பேஸ்பாலில் ஓட்டக்காரர் முன்கூட்டியே நகர்வது அவருடைய உரிமை. கட்டுப்பாடு வீசுபவர்மீது. நீ எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நகரலாம், ஆனால் அவர் உன்னை அவுட்டாக்க முயல்வார். அவர் முயலலாம், ஆனால் வீசுவதுபோலக் காட்டி எறியக் கூடாது. இந்த உடன்பாட்டின் இரண்டாம் பாதிதான் பால்க்.

இந்த உடன்பாடு ஆட்டத்தின் வயதையே கொண்டது. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் 1845இல் எழுதிவைத்த இருபது விதிகளிலேயே பிட்சர் பால்க் செய்தால் ஓட்டக்காரர் ஒரு பேஸ் போகலாம் என்பது இருக்கிறது. இன்றைய அதிகாரபூர்வ விதிநூலில் இது 6.02(a), 2015ஆம் ஆண்டின் மறுவரிசைக்கு முன் 8.05. பதின்மூன்று வகைப் பால்க்குகளை அது அடுக்குகிறது. தண்டனை எளிமையானது: பேஸ்களில் உள்ள ஒவ்வோர் ஓட்டக்காரரும் அவுட் ஆகும் அபாயமின்றி ஒரு பேஸ் முன்னேறுவார். பேஸ்களில் யாருமே இல்லாதபோது பால்க் என்ற பேச்சுக்கு இடமில்லை. விதியின் விளக்கக் குறிப்பு, ஓட்டக்காரரைப் பிட்சர் வேண்டுமென்றே ஏமாற்றுவதைத் தடுப்பதே நோக்கம் என்றும், அம்பயருக்கு ஐயம் எழுந்தால் பிட்சரின் எண்ணத்தைக் கருத வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தக் குறிப்பைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நடைமுறையில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பிட்சர் நின்று வீசும் மேட்டின் நடுவில் 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட வெள்ளை ரப்பர் பட்டை பதிக்கப்பட்டிருக்கும். பிட்சரின் ஊன்றுகால் அந்தப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. தொடாமல் பின்னால் இறங்கிவிட்டால் அவர் பிட்சர் இல்லை. சட்டத்தின் பார்வையில் சாதாரண உள்வட்டத் தடுப்பாளர். அப்போது முதல் பேஸுக்கு எறியலாம், எறிவதுபோலக் காட்டி நிறுத்திக்கொள்ளலாம், எதுவும் செய்யாமலும் இருக்கலாம். இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. பட்டையில் இருந்தபடி எறிந்த பந்து கைதவறிப் பார்வையாளர் பகுதிக்குள் போனால் ஓட்டக்காரருக்கு ஒரு பேஸ். இறங்கிய பிறகு எறிந்தது போனால் இரண்டு பேஸ். இறங்கும் முறையிலும் கண்டிப்பு உண்டு: ஊன்றுகாலைப் பட்டைக்குப் பின்புறம் எடுக்க வேண்டும், அதற்கு முன் பந்திலிருந்து கையைப் பிரிக்கக் கூடாது.

பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை நிலைமை வேறு. முதல் பேஸுக்கு எறிய நினைத்தால், எறிவதற்கு முன் முன்காலை நேராக அந்தப் பேஸை நோக்கி எடுத்துவைத்தே ஆக வேண்டும். உடலை மட்டும் திருப்பி எறிந்தால் பால்க். எறிந்துவிட்டுக் காலை வைத்தாலும் பால்க். காலை வைத்துவிட்டு எறியாமல் நிறுத்தினாலும் பால்க். பேட்டருக்கு வீசும் அசைவைத் தொடங்கிவிட்டு மனம் மாறினால் அதுவும் பால்க். பந்து கையிலிருந்து தவறி நழுவி விழுந்தாலும் விடமாட்டார்கள். முதல் பேஸ்மேன் பேஸைவிட்டு வெகுதூரம் விலகி நிற்கும்போது அவருக்கு எறிவதும் குற்றம், ஏனென்றால் அங்கே ஓட்டக்காரரைத் தொட்டு அவுட்டாக்க வழியில்லை.

இரண்டாம் பேஸுக்கு மட்டும் சலுகை. அந்தப் பக்கம் கால் வைத்துவிட்டு எறியாமல் இருக்கலாம். பிட்சர் பேட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டியிருப்பதால் அதை யாரும் வீச்சு என்று நம்பி ஏமாறப்போவதில்லை. காரணம் இதுதான் என்று கொள்ளலாம்.

வீசுவதற்கு முன் அசைவின்றி நிற்க வேண்டிய ‘செட்’ நிலையில் வலதுகைப் பிட்சர் மூன்றாம் பேஸைப் பார்த்தபடி நிற்பார். முதல் பேஸ் அவருடைய முதுகுப்புறம். எறிய வேண்டுமென்றால் துள்ளித் திரும்பியோ சுழன்றோ காலை அந்தப் பக்கம் ஊன்ற வேண்டும். திரும்பத் தொடங்கிய கணமே ஓட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். பேஸுக்குத் தாவிப் பாய்வார். எனவே வலதுகையரின் பலம் வேகத்தில் இருக்கிறது. ஏமாற்றுவதற்கு அங்கே அதிக இடமில்லை.

இடதுகைப் பிட்சரின் கதை முற்றிலும் வேறு. அவர் முதல் பேஸை நேருக்கு நேர் பார்த்து நிற்கிறார். வலது காலைத் தூக்குகிறார். பேட்டருக்கு வீசுவதற்கும் அதே கால், முதல் பேஸுக்கு எறிவதற்கும் அதே கால். அந்தக் கால் காற்றில் தொங்கும் அரை விநாடியில் எங்கே இறங்கப்போகிறது என்று ஓட்டக்காரருக்குத் தெரியாது. பேட்டரின் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே காலைத் தூக்கிப் பிறகு முதல் பேஸுக்கு எறிவதை விதி தடுக்கவில்லை. பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று அது எதுவும் சொல்வதில்லை. இந்த இடத்தில் திறமையும் ஏமாற்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நியூயார்க் யாங்கீஸின் ஆண்டி பெட்டிட் இந்தக் கலையில் பேர்பெற்றவர். முதல் பேஸில் அவரை எதிர்கொண்டவர்கள் லீட்டைக் குறைத்துக்கொண்டே நின்றார்கள்.

இடதுகையருக்கு விதி போட்டிருக்கும் எல்லைகள் இரண்டு. தூக்கிய கால் பட்டையின் பின்விளிம்பைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் முதல் பேஸுக்கு எறிய முடியாது. பேட்டருக்கு வீச வேண்டும், அல்லது இரண்டாம் பேஸுக்குப் பிக்-ஆஃப் எறிய வேண்டும். இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மற்றொன்று, கால் ‘நேராக’ முதல் பேஸை நோக்கி வைக்கப்பட வேண்டும் என்பது. நேராக என்றால் எவ்வளவு நேராக? அம்பயர்கள் மனத்தில் ஒரு கோட்டை வரைந்துகொள்கிறார்கள்: பட்டையிலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் முதல் பேஸுக்கும் நடுவே 45 டிகிரியில். கால் அந்தக் கோட்டுக்கு முதல் பேஸ் பக்கம் இறங்கினால் சரி. ஹோம் பிளேட் பக்கம் இறங்கினால் பால்க். பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்கு இதைத்தான் சொல்லித்தருகிறார்கள், அம்பயர்கள் இதை வைத்துத்தான் முடிவு சொல்கிறார்கள். ஆனால் மேஜர் லீக் விதிநூலில் அந்த 45 டிகிரி எங்குமே இல்லை. ஒவ்வோர் இடதுகையரும் அந்தக் கோட்டின்மீதே காலை வைக்கப் பார்க்கிறார், ஒவ்வோர் அம்பயரும் தமக்குத் தோன்றும் இடத்தில் அதை வரைகிறார். ஸ்டீவ் கார்ல்டன் தம் வாழ்நாளில் 90 பால்க் வாங்கினார். மேஜர் லீகில் இதுவே சாதனை. பிக்-ஆஃப் கலையில் மிகச் சிறந்தவர்களில் ஒருவரும் அவரே. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது: விளிம்பில் நின்றால்தான் ஓட்டக்காரர் ஏமாறுவார், விளிம்பில் நிற்பவர்தான் சில சமயம் தவறி விழுவார்.

இனி அந்த ‘எண்ணம்’ பற்றிய குறிப்புக்கு வருவோம். 1961 ஜூலை 11 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் ஆல்-ஸ்டார் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்டூ மில்லர் மேட்டில் செட் நிலையில் நின்றபோது வளைகுடாவிலிருந்து அடித்த பலத்த காற்றில் அவர் உடல் ஆடிப்போனது. முதல், இரண்டாம் பேஸ்களில் ஓட்டக்காரர்கள். பால்க் என்றார் அம்பயர், இருவரும் முன்னேறினார்கள். மில்லர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பது அரங்கில் இருந்த அனைவருக்கும் தெரியும். (காற்று அவரை மேட்டிலிருந்தே தள்ளிவிட்டதாகப் பின்னாளில் கதை வளர்ந்தது. நடந்தது உடலின் ஓர் அசைவு மட்டுமே. அந்த ஆட்டத்தில் வென்ற பிட்சராகவும் மில்லரே பதிவானார்.) எண்ணத்தைக் கருத வேண்டும் என்று சொல்லும் அதே விதியில், தற்செயலாகப் பந்து நழுவினாலும் பால்க் என்றும் இருக்கிறது. அம்பயர் அசைவைத்தான் பார்க்கிறார், அதற்குத்தான் தீர்ப்பு சொல்கிறார். வேறு வழியும் அவருக்கு இல்லை.

அசைவைக் கண்டிப்பாக அளக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு பெரிய பாடங்கள் உண்டு. இரண்டும் செட் நிலையில் பிட்சர் நிற்க வேண்டிய நிறுத்தம் பற்றியவை. ஓட்டக்காரர் லீட்டைச் சரிசெய்துகொள்ள அந்த நிறுத்தமே அவகாசம் தருகிறது. அதைத் திருடும் பிட்சர் பேஸ் திருடரிடமிருந்து திருடுகிறார். 1963இல் நேஷனல் லீக் அம்பயர்கள் ஒரு முழு விநாடி நிறுத்தத்தைக் கறாராகக் கேட்கத் தொடங்கினார்கள். மே 4 அன்று மில்வாக்கி பிரேவ்ஸின் பாப் ஷா, சிகாகோ கப்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து பால்க் வாங்கினார். அவற்றில் மூன்று ஒரே இன்னிங்ஸில்: நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்குப் போன பில்லி வில்லியம்ஸ், மூன்று பால்க்குகளிலேயே ஹோம் பிளேட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் கறார் நீடிக்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே தவறு பெரிய அளவில் நடந்தது. 1987 உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேலாளர் வைட்டி ஹெர்சாக், மினசோட்டாவின் பெர்ட் பிளைலெவன் சரியாக நிற்காமல் வீசுகிறார் என்று முறையிட்டார். அடுத்த ஆண்டுக்கு விதியின் சொற்கள் மாற்றப்பட்டன: முழு நிறுத்தம் என்பது, ஒரே தடவையான, முழுமையான, கண்ணுக்குப் புலப்படும் நிறுத்தமாக, இரு கால்களும் தரையில் இருக்கும்படி ஆனது. விளைவு, 1987இல் 356 ஆக இருந்த பால்க் எண்ணிக்கை 1988இல் 924க்குப் போனது. ஓக்லாந்தின் டேவ் ஸ்டுவர்ட் அந்த ஒரு பருவத்தில் மட்டும் 16 பால்க் வாங்கினார். அது இன்றும் சாதனை. அதே ஆண்டில் அவர் 21 ஆட்டங்களை வென்ற பிட்சர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர் திடீரென்று ஏமாற்றுக்காரர் ஆகிவிடவில்லை. அளவுகோல்தான் மாறியது. 1989இல் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன.

பாடம் முழுவதும் கற்கப்படவில்லை என்பதற்கு 2022 செப்டம்பர் 27 சாட்சி. மியாமி மார்லின்ஸின் இடதுகையர் ரிச்சர்ட் பிளையர், நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் வீசுகிறார். 2016 முதல் மேஜர் லீகில் ஆடிவந்த அவர்மீது அதுவரை ஒரு பால்க்கூடச் சொல்லப்பட்டதில்லை. முதல் பேஸில் ஜெஃப் மெக்நீல். ஒரே பேட்டர், பீட் அலான்சோ, எதிரே நிற்கும்போதே முதல் பேஸ் அம்பயர் மூன்று முறை பால்க் என்றார், நிறுத்தம் போதவில்லையாம். மெக்நீல் முதல் பேஸிலிருந்து நடந்தே ஹோம் பிளேட்டுக்கு வந்துசேர்ந்தார். பிளையரும் மேலாளர் டான் மேட்டிங்லியும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆறு ஆண்டுகள் சரியாக இருந்த ஒரு நிறுத்தம், ஒரு மாலையில் மூன்று முறை தவறாகிப் போகுமென்றால், பிட்சருக்கு அந்த விதி எந்த வழியையும் காட்டவில்லை என்றே பொருள். பால்க் முடிவுகளை வீடியோவில் மறுபரிசீலனை செய்யவும் இடமில்லை.

இவற்றுக்கு எதிராக, 2013இல் வந்த மாற்றம் அமைதியாக வெற்றிபெற்றது. முதல், மூன்றாம் பேஸ்களில் ஓட்டக்காரர்கள் இருக்கும்போது வலதுகையர்கள் கையாண்ட ஒரு தந்திரம் உண்டு: காலைத் தூக்கி மூன்றாம் பேஸை நோக்கி வைத்து, எறிவதுபோலக் காட்டி, உடனே சுழன்று முதல் பேஸுக்கு எறிவது. பிட்சரின் கால் உயர்ந்ததும் முதல் பேஸ் ஓட்டக்காரர் பாய்ந்தால் சிக்குவார் என்பது கணக்கு. சிக்கியவர்கள் மிகக் குறைவு. பார்ப்பவர்களின் பொறுமைதான் சிக்கியது. முதல் பேஸுக்குப் பொய்யாகக் காட்டக் கூடாது என்ற பழைய தடை 2013இல் மூன்றாம் பேஸுக்கும் நீட்டப்பட்டது. எறிந்தாரா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் பதில் சொல்ல முடியும். அதனால்தான் அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

அதே வழியில் போனது 2023இன் பெரிய மாற்றம். பிட்சர்களுக்கு நேரக் கடிகாரம் வைக்க முடிவானபோது ஓர் ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தது: பட்டையிலிருந்து இறங்கினாலோ முதல் பேஸுக்கு எறிந்தாலோ கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும், அப்படியென்றால் பிட்சர் எத்தனை முறை வேண்டுமானாலும் அதைச் செய்துகொண்டிருக்கலாம். ஆகவே ஒரு பேட்டரின் முறைக்கு இரண்டு விலகல்கள்தான் என்று வரம்பு வந்தது. எறிவதும் ஒன்று, இறங்குவதும் ஒன்று. மூன்றாவது முறையும் எறியலாம், ஆனால் ஓட்டக்காரர் அவுட் ஆக வேண்டும், ஆகாவிட்டால் பால்க். ஓட்டக்காரர் ஒரு பேஸ் முன்னேறிவிட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அதே ஆண்டு பேஸ்களின் அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. 2022இல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டுகள் 2023இல் 3,503 ஆயின. முயற்சிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி. அட்லாண்டாவின் ரொனால்ட் அகூன்யா ஜூனியர் தனியாக 73 பேஸ் திருடினார்.

இந்த மாற்றம் ஓட்டக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டது என்று சிலர் குறைபடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு எறிதல்கள் முடிந்த பின் ஓட்டக்காரர் இன்னும் ஓரடி கூடுதலாக நகரும்போது, மூன்றாவதை எறியலாமா என்று பிட்சர் யோசிக்கும் கணம் பழைய ஆட்டத்தில் இல்லாதது. எறிதல் விலைமதிப்புள்ளதாக ஆகிவிட்டது. எறிதலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஜான் லெஸ்டர் சிறந்த இடதுகையர். ஆனால் முதல் பேஸுக்கு எறிவதில் அவருக்கு ஏற்பட்ட மனத்தடையால் 2014 பருவம் முழுவதும் ஒருமுறைகூட அங்கே எறியவில்லை. அந்த ஆண்டு வைல்ட் கார்டு ஆட்டத்தில் ஓக்லாந்துக்காக அவர் இறங்கினார். கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அந்த இரவில் ஏழு பேஸ்களைத் திருடி, 7-3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் 9-8 என வென்றது. எறிவார் என்ற அச்சம் இல்லாத பிட்சரிடம் விதியால் கொடுக்கவும் பறிக்கவும் எதுவும் இல்லை.

சிறுவர் ஆட்டத்தைப் பார்த்தால் பால்க்கின் வேர் எங்கே என்பது இன்னும் தெளிவாகும். லிட்டில் லீகின் மேஜர் பிரிவிலும் அதற்குக் கீழும் பந்து பேட்டரை எட்டும்வரை ஓட்டக்காரர் பேஸைவிட்டு நகரக் கூடாது. அங்கே பால்க் விதியும் இல்லை. லீட் என்ற உரிமை வந்த பிறகுதான் பால்க் என்ற கட்டுப்பாடும் வருகிறது.

மேலே செல்ல என்ன வழி என்பதற்கு ஒரு பரிசோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2021இல் மைனர் லீகின் ஹை-ஏ நிலையில், எந்தப் பேஸுக்கு எறிவதானாலும் முதலில் பட்டையிலிருந்து இறங்கியாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். 45 டிகிரிச் சிக்கல் ஒரே அடியில் தீர்ந்துவிடும். இடதுகையரின் காலைப் பற்றி யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதோடு அந்தக் கலையும் போய்விடும். கார்ல்டனும் பெட்டிட்டும் ஆண்டுக்கணக்கில் பழகிப் பெற்ற ஒன்றை அம்பயரின் வசதிக்காக அழிப்பது சரியல்ல என்பது என் கருத்து. மேஜர் லீக் அந்த வழியில் போகாமல் எண்ணிக்கை வரம்பைத் தேர்ந்தெடுத்தது நல்லதாயிற்று.

செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது. எல்லோரும் ஏற்கெனவே நடைமுறையில் வைத்திருக்கும் 45 டிகிரிக் கோட்டை விதிநூலில் எழுத வேண்டும். மேட்டின்மீது சுண்ணாம்பிலும் போடலாம். கால் இறங்கும் இடம் மண்ணில் தடம் பதிக்கும். அந்தத் தடம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதை அம்பயர் குனிந்து பார்த்தே சொல்லிவிடலாம், வீடியோ மறுபரிசீலனைக்கும் கொடுக்கலாம். அது நடக்கும்வரை, அடுத்த முறை ஓர் இடதுகைப் பிட்சர் முதல் பேஸுக்கு எறிவதைப் பார்க்கும் வாசகர்கள் அவர் தோளையும் கண்ணையும் விட்டுவிட்டு வலது காலை மட்டும் கவனிக்கட்டும்.